எவ்வளவு குடுக்குதுங்க?
கணபதி பட்டறையில் ஒரு பழைய எண்ணூறின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்த மூன்று நாள்

கோவையில் பழைய காரை எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். பானட்டை ஒரு தடவு தடவுவார். அடுத்து என்ன கேட்பார் என்பது எனக்கு மனப்பாடம். "எவ்வளவு குடுக்குதுங்க?" கறவை மாட்டைப் பற்றி விசாரிக்கிற அதே குரல், அதே அக்கறை!

"இருபது குடுக்குதுங்க" என்று நானும் பல வருஷமாகச் சொல்லி வந்தேன். என் 1998 மாடல் மாருதி 800 நிஜமாகவே லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுக்கிறதா என்று அளந்தது மட்டும் இல்லை. இந்த ஆடியில் அளந்துவிட்டேன். அளந்த கையோடு கணபதியில் வழக்கமாக விடும் பட்டறைக்குள் ஏற்றி, பெட்ரோல் எங்கெங்கே வீணாகிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். அந்த மூன்று நாளும் எனக்குச் சாப்பாடு கூட இரண்டாம் பட்சம்தான். வாங்க, நீங்களும் உள்ளே வந்து பாருங்க!

முதலில் கணக்கு

ஞாயிறு காலை ஆறு மணி. சிங்காநல்லூரில் ஒரு பங்க். பம்ப் தானாக ஒருமுறை நிற்கும்வரை டேங்கை நிரப்பினேன். ஓட்டி முடித்ததும் அதே பங்க்கில், அதே பம்ப்பில், வண்டியை அதே வாட்டத்தில் நிறுத்தி, மறுபடியும் அதே போல் ஒரு நிறுத்தம் வரை நிரப்ப வேண்டும். இரண்டாவது தடவை போட்ட லிட்டர்தான் வண்டி குடித்தது. டயர் காற்றைக் கிளம்பும் முன்பே, டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்த்துவிட்டேன். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும்.

சூலூர், பல்லடம், காங்கேயம், பிறகு அதே வழியில் திரும்பல். ஏன் போய்த் திரும்ப வேண்டும்? ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் ஊர் இது! பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிற காற்றுக்குத்தான் பல்லடம் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. காங்கேயம் போகும்போது அந்தக் காற்று வண்டியை முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. திரும்பும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்துகிறது. ஒரு பக்கம் மட்டும் ஓட்டிவிட்டு மைலேஜ் சொன்னால் பாதிப் பெருமை காற்றுக்குத்தான் சேரும்.

மீட்டரையும் அப்படியே நம்பக்கூடாது. மைல்கற்களோடு ஒத்துப் பார்த்தேன். 50 கிலோமீட்டருக்கு என் மீட்டர் 51 காட்டியது. டயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும், அதே தூரத்துக்குச் சக்கரம் கூடுதலாகச் சுற்றும், மீட்டரும் கூடுதலாக எண்ணும். பெரிய டயர் மாட்டியவர்களுக்கு இது தலைகீழ். நல்ல மைலேஜ் கொடுக்கிற வண்டியைக் கூட அவர்கள் அநியாயமாகத் திட்டிக்கொண்டிருப்பார்கள். மீட்டர் சொன்ன 133-ஐ 130 என்று திருத்தி எழுதினேன்.

போட்ட பெட்ரோல் 9.4 லிட்டர். வகுத்தால் 13.8.

இருபது எங்கே, பதின்மூன்றே முக்கால் எங்கே!

சூலூரைத் தாண்டும்போது கலங்கல் ஞாபகம் வந்தது. 1893-ல் ஜி.டி. நாயுடு பிறந்த ஊர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். அதிலிருந்து யு.எம்.எஸ். பஸ் நிறுவனம் வரை வளர்ந்தார். ஒரே ஒரு வண்டியை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவருக்கு, சொட்டுக்குச் சொட்டு கணக்குப் பார்ப்பது பொழுதுபோக்காக இருந்திருக்காது. அந்த மண்ணில் ஓட்டிக்கொண்டு நான் கணக்கில்லாமல் இருந்தது எனக்கே உறுத்தியது.

தட்டில் கிடந்த மூன்று பிளக்

மெக்கானிக் அண்ணன் முதலில் கேட்டது ஸ்பேனரை அல்ல, நோட்டை. நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு, அட்டையெல்லாம் கிரீஸ். வண்டி நம்பர், தேதி, கிலோமீட்டர், "பிளக் கலர்" என்று நாலு கட்டம். பிளக்குக்குக் கலரா?

மூன்றையும் கழற்றி எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைத்தார். முதல் இரண்டின் முனையும் மாரி பிஸ்கட் நிறம். மூன்றாவது அடுப்புக்கரி.

"பிஸ்கட் கலர்ல இருந்தா எஞ்சின் நல்லா எரிக்குதுன்னு அர்த்தமுங் தம்பி. வெளுத்திருந்தா பெட்ரோல் பத்தலை. கறுத்திருந்தா எரியாம வீணாப் போகுது. இந்த மூணாவது பாதி வேலைதான் பாக்குது. மத்த ரெண்டும் இதையும் சேத்திச் சுமக்குது."

அந்த பிளக்குக்குப் போகும் ஒயரை இருட்டு மூலையில் பிடித்துக் காட்டினார். எஞ்சின் ஓடும்போது ரப்பர் வெடிப்பில் நீலமாக ஒரு மினுக்கு! சிலிண்டருக்குள் போக வேண்டிய பொறி வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது. அதை நேரில் பார்த்தபோது எனக்குக் கை தட்டத் தோன்றியது.

அடுத்து கார்புரேட்டர். அக்கக்காகப் பிரித்துப் பெட்ரோலில் கழுவியபின், அரிசிப் பருமனுக்கு ஒரு பித்தளை ஜெட்டை எடுத்து வெயிலுக்கு நேரே பிடிக்கச் சொன்னார். நடுவில் ஊசிமுனைத் துவாரம், அதற்குள் ஒரு பொட்டு வெளிச்சம். வண்டி குடிக்கிற பெட்ரோல் இப்படிப்பட்ட பொட்டுகள் வழியாகத்தான் போகிறது! அடைத்துக்கொண்டால் காற்றால் ஊத வேண்டும், கம்பி விட்டுக் குத்தவே கூடாது. பித்தளை மெத்து. துவாரம் 5 சதவீதம் அகலமானால் அதன் பரப்பு 10 சதவீதம் கூடிவிடும். அன்றிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டரும் கூடுதல் செலவு.

அவினாசி ரோட்டில் 2015 முதல் இருக்கும் ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் குறுக்கே வெட்டி வைத்த எஞ்சின்களை வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். அங்கே கண்ணால் பார்த்தது இங்கே என் விரலிடுக்கில் இருந்தது.

காணாமல் போன வால்வு

பெரிய அதிசயம் மூன்றாம் நாள்தான் வெளிப்பட்டது. ரேடியேட்டர் ஓஸைக் கழற்றி உள்ளே பார்த்தால், தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி.

"முன்னாடி வெச்சிருந்தவங்க ஆரோ சூட்டுக்குப் பயந்து கழட்டிப் போட்டிருப்பாங்க. நம்மூர்ல பாதி பழைய வண்டி இப்படித்தானுங்."

வண்டி சூடாகக்கூடாது என்றுதானே நாம் எல்லோரும் நினைக்கிறோம்? எஞ்சினுக்குச் சூடு வேண்டும்! தண்ணீர் எண்பது டிகிரியைத் தொடும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பதுதான் அந்த வால்வின் வேலை. அது இல்லாவிட்டால் எஞ்சின் குளிர்ந்தே கிடக்கும். பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ஆயில் இளகாது, சிலிண்டரும் சீக்கிரம் தேயும். டாஷ்போர்டில் சூட்டு முள் எப்போதும் அடியிலேயே படுத்திருந்ததை நான் நல்ல சகுனம் என்று நினைத்திருந்தேன்.

கடைசியாக வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றினோம். முன்பக்க இடது சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. காலிப்பர் பின் துருப்பிடித்து, பிரேக் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு கால் ஆக்ஸிலேட்டரில், ஒரு கால் பிரேக்கில் வைத்து ஓட்டியதற்குச் சமம்.

இதே எஞ்சினா பந்தயத்தில் ஓடியது!

டீ குடிக்கும்போது அண்ணன் சொன்ன ஒரு விஷயத்தில் எனக்குப் புல்லரித்துவிட்டது. கோவைக்காரர் எஸ். கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் காரில் இருந்ததும் இந்த மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் எஞ்சின்தான். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன், பந்தயப் பழக்கத்தைத் தொடங்கியது அந்த வண்டியில். செட்டிபாளையத்துப் பந்தயத் தளத்துக்குக் கரி என்று பெயர் வைத்தது அந்தக் கரிவரதன் நினைவாக. 796 சிசி என்று யாரும் இளக்காரமாகப் பேசினால் இனி நான் சும்மா இருக்கப்போவதில்லை.

பைப்பையும் பாருங்க

பெட்ரோல் பைப்பைத் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுத்தது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல, அதனால் எத்தனால் தாங்கும் பைப்பாக மாற்றினோம். எத்தனாலில் சக்தியும் குறைவு. பழைய வடிவமைப்புக் கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-லேயே சொல்லியிருக்கிறது. இந்தக் குறைவைப் பட்டறையில் சரிசெய்ய முடியாது. மீதியை நிச்சயம் முடியும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அண்ணனின் கண்டிப்பான உத்தரவு.

மறுபடியும் காங்கேயம்

அடுத்த ஞாயிறு. அதே பங்க், அதே பம்ப், அதே காற்று. பல்லடம் வருவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. சூட்டு முள் நடுவில் வந்து நிமிர்ந்து நின்றது. மேட்டில் கியர் மாற்றாமலே ஏறியது. திரும்பி வந்து நிரப்பினேன். 7.6 லிட்டர். 130-ஐ வகுத்தால் 17.1!

பிளக், ஒயர், தெர்மோஸ்டாட், பைப், காலிப்பர் பின், கூலி எல்லாம் சேர்த்து 4,350 ரூபாய். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டுகிற எனக்கு வருஷத்துக்குச் சுமார் 130 லிட்டர் மிச்சம். ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனதே, 2023-ல் நான் கட்டிய அந்தப் பணமும் இதில் திரும்பிவிடும். வண்டிக்கு வயதாகிவிட்டது என்று நான் நினைத்ததெல்லாம் வயது இல்லை. பார்க்காமல் விட்ட நாலு சின்னச் சாமான்.

அன்று பல்லடத்தில் டீக்கு நிறுத்தியபோது வழக்கம்போல ஒருவர் வந்தார். பானட்டைத் தடவினார். "எவ்வளவு குடுக்குதுங்க?"

"போன வாரம் பதின்மூணே முக்கால் குடுத்துச்சுங்க. இன்னைக்குத் திரும்பிப் போய் நெரப்புனாத்தான் தெரியும்" என்று நோட்டைக் காட்டினேன். நானும் இப்போது நாற்பது பக்க நோட்டு வாங்கிவிட்டேன். அவர் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தார். பிறகு என் பேனாவை வாங்கிக்கொண்டு எதிரே நின்ற தன் பத்மினி காருக்குப் போய், மீட்டரைக் குனிந்து பார்த்து, அந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.