தறிச் சத்தத்துக்கு நடுவே வீட்டுப்பாடம்

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்டையாம்பட்டியில் ஒரு தெருவுக்குள் நடந்தால் விசைத்தறிச் சத்தம் கூடவே வரும். தறி ஓடுகிற வீட்டில் பிள்ளை படிக்கிற இடத்துக்கும் தறிக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு சுவர்தான். முறுக்குச் சுற்றுகிற வீட்டில் அம்மாவும் பாட்டியும் மாவை விரலால் முறுக்கி வட்டம் வட்டமாக வைத்துக்கொண்டிருப்பார்கள். ஊருக்குப் பேர் வாங்கித் தந்த கை முறுக்கு அது. பக்கத்தில் எட்டாவது படிக்கும் பெண் நோட்டைத் திறக்கிறாள். தேதி போடுகிறாள், மார்ஜின் இழுக்கிறாள், முதல் கணக்கை எழுதுகிறாள். இரண்டாவது வரியில் பேனா நின்றுவிடுகிறது. அம்மாவைப் பார்க்கிறாள். அம்மா அஞ்சாவதோடு நின்றவர்.

இதில் அந்தப் பெண்ணையோ அம்மாவையோ குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கைக் கொடுத்த முறைதான் தவறு. வகுப்பில் பாதி புரிந்ததை மீதி வீட்டில் புரிந்துகொள்ளட்டும் என்று அனுப்பினால், படித்த பெற்றோர் இருக்கும் வீட்டில் மட்டும்தான் அது புரியும். டியூஷனுக்குப் பணம் இருப்பவர் டியூஷனுக்கு அனுப்புவார். மற்றப் பிள்ளைகள் காலையில் மணி அடிப்பதற்குள் முன்பெஞ்சு நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். வகுப்பில் ஆசிரியர் இரண்டு கணக்கைப் போர்டில் போட்டு, மூன்றாவதைப் பிள்ளைகளே போட்டு, அது சரியாக வந்த பிறகு அதே மாதிரி இரண்டு கணக்கு வீட்டுக்குப் போக வேண்டும். யாருடைய உதவியும் இல்லாமல் பிள்ளை தானே முடிக்கக்கூடியதுதான் நல்ல வீட்டுப்பாடம்.

அடுத்தது அளவு. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று உத்தரவிட்டார். அந்த வழக்கை ஊரே பேசியது. உயர்நிலைப் பிள்ளைகளுக்கான அளவு மட்டும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை அதைச் சொல்கிறது: 6 முதல் 8 வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், 9 முதல் 12 வரை 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர் வீட்டுப்பாட ஆய்வுகளைப் பல ஆண்டுகள் தொகுத்துப் பார்த்தவர். ஒரு வகுப்புக்கு 10 நிமிடம் என்று அங்கே வழங்கும் கணக்கை அவரும் ஆதரிக்கிறார். அதன்படி ஆறாவதுக்கு 60 நிமிடம், பத்தாவதுக்கு 100 நிமிடம். நம் கணக்கிலிருந்து அது பெரிதாக விலகவில்லை. வீட்டுப்பாடத்தால் வரும் பலன் சின்ன வகுப்புகளைவிட ஏழாவது முதல்தான் தெளிவாகத் தெரிகிறது என்பதையும் அவர் தொகுப்பு காட்டியது. ஆகவே உயர்நிலைப் பள்ளியில் வீட்டுப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

நடைமுறையில் அளவு மீறுவதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர். எவ்வளவு கொடுத்தோம் என்பது அவருக்குத் தெரியும். ஆறாவதிலிருந்து தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பேர் வருகிறார்கள். ஒவ்வொருவரும் "அரை மணி நேர வேலைதானே" என்று கொடுக்கிறார். ஐந்து அரை மணி சேர்ந்தால் இரண்டரை மணி நேரம். யாரும் அதிகமாகக் கொடுக்கவில்லை, கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. இதற்குச் செலவில்லாத தீர்வு உண்டு. வகுப்பாசிரியர் ஒரு வீட்டுப்பாட அட்டவணை போட்டு வகுப்புச் சுவரில் ஒட்டலாம்: திங்கள் கணக்கும் தமிழும், செவ்வாய் ஆங்கிலமும் அறிவியலும் என்று நாளுக்கு இரண்டே பாடம். மறுநாள் தேர்வு வைக்கும் ஆசிரியர் அன்று வேறு எதுவும் கொடுக்கக் கூடாது.

பக்கத்தில் ராசிபுரம், நாமக்கல் பக்கம் ராத்திரி பத்து மணி வரை உட்கார வைத்துப் படிக்க வைக்கும் விடுதிப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு, "நம்ம ஸ்கூல்ல ஒண்ணுமே குடுக்கறதில்லைங்க" என்று குறைப்படும் பெற்றோர் இங்கே நிறைய. அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது, பிள்ளை தறிக்கு வரக் கூடாது என்கிற கவலை அது. ஆனால் நேரத்தைக் கூட்டினால் படிப்பு கூடுவதில்லை. கேள்வி பதிலை ஐந்து முறை எழுதச் சொன்னால் மூன்றாவது முறையிலேயே கை எழுதும், மனசு வேறெங்கோ இருக்கும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களைவிட, ஒரு முறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். "பாடம் பார்த்து எழுதி வா" என்பதற்குப் பதில் "புத்தகத்தை மூடிவிட்டு, ஞாபகம் வருவதை எழுது, பிறகு திறந்து, விட்டதைப் பென்சிலால் சேர்" என்று சொன்னால் அரைப் பக்கமே போதும். பென்சிலில் இருப்பது என்ன என்று பார்த்தால், நாளைக்கு எதைத் திரும்ப நடத்த வேண்டும் என்பது ஆசிரியருக்கே தெரிந்துவிடும்.

நோட்ஸிலும் செல்போனிலும் பதில் கிடைக்காத கேள்விகளும் வேண்டும். எட்டாவது கணக்குப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்றே ஒரு இயல் இருக்கிறது: லாபம், நட்டம், தள்ளுபடி, கூட்டு வட்டி எல்லாம் அதில்தான். அரிசி, உளுந்து, எண்ணெய், விறகு என்று உன் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் முறுக்குக்கு ஆகும் செலவைக் கேட்டு எழுதி, லாபச் சதவீதம் கண்டுபிடி என்று கொடுத்துப் பாருங்கள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வாரத்தில் ஓடிய மீட்டர், கிடைத்த கூலி, கரண்ட் பில். ஒவ்வொரு நோட்டிலும் விடை வேறாக இருக்கும், காப்பி அடிக்க வழியில்லை. அஞ்சாவதோடு நின்ற அம்மாதான் அன்றைக்கு விஷயம் தெரிந்தவர். அவரைக் கேட்டுத்தான் பிள்ளை எழுத முடியும்.

பெற்றோருக்கு: பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தினமும் ஒரே நேரம், நல்ல வெளிச்சம், சத்தம் குறைந்த மூலை, அந்த நேரத்தில் கடைக்குப் போய்வரச் சொல்லாமல் இருப்பது போதும். முறுக்குச் சுற்றிக்கொண்டே, "இன்னைக்கு என்ன கண்ணு நடத்துனாங்க, எனக்குச் சொல்லு பாக்கலாம்" என்று கேளுங்கள். சொல்லும்போது எங்கே திக்குகிறாளோ அங்கேதான் புரியவில்லை. நோட்டில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போடச் சொல்லுங்கள். நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள், பக்கத்து வீட்டு அண்ணனையும் எழுத விடாதீர்கள். 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் நமக்குக் காட்டித் தந்த வழி ஒன்று இருக்கிறது: தெருவில் படித்த ஒரு அக்கா சாயங்காலம் ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தால் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும்.

ஆசிரியருக்கும் கஷ்டம் உண்டு. 40 நோட்டைத் தினமும் திருத்த யாராலும் ஆகாது. வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் விடையைப் போர்டில் போட்டு, பிள்ளைகளே வேறு மையில் திருத்தட்டும். நாளுக்கு 8 நோட்டை மட்டும் வாங்கி வரி வரியாகப் பாருங்கள், ஐந்து நாளில் 40 நோட்டும் முடியும். பார்க்காமல் போடும் சிவப்பு டிக்கைப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். மறுநாளிலிருந்து அக்கறை போய்விடும்.

எழுதாமல் வந்த பிள்ளையை வெளியே நிறுத்துவது, நூறு முறை இம்போசிஷன் எழுத வைப்பது போன்றவை எனக்குத் தாங்காத விஷயம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும், அடிக்குப் பயந்து ஒரு நாள் லீவு போட்ட பையன் அன்றைக்கு வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றுவான். அந்த ஒரு நாள் லீவு நாலு நாளாகும். நாலாவது நாள் வகுப்பில் நடப்பது எதுவும் அவனுக்குப் புரியாது. "ஏன் எழுதலை சாமி?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால், கரண்ட் இல்லை, தங்கச்சியைப் பார்த்துக்கொண்டேன், கணக்கு புரியலை என்று மூன்றில் ஒன்றைச் சொல்வான். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு வாரம், பிள்ளை எத்தனை மணிக்கு நோட்டை எடுத்தது, எத்தனை மணிக்கு மூடியது, எந்தப் பாடத்தில் நின்றது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வையுங்கள். தெருவில் நாலு வீட்டுத் தாளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். சுவரில் ஒட்ட வேண்டிய அட்டவணையை அதை வைத்தே போட்டுவிடலாம்.