ஒரே ஆள் ரிலீஸை நிறுத்த முடியுமா?

ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்களில் முடிவுகளை எப்படி எடுக்கிறார்கள் என்று கொஞ்ச நாளாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். அதில் கண்ணில் பட்ட ஒரு விதியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

அப்பாச்சி வெப் சர்வர் தெரியும்தானே? 1995ல் எட்டுப் பேர் ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு மின்னஞ்சலிலேயே பேட்ச்களைப் பரிமாறி ஆரம்பித்தது. முதலாளி கிடையாது, மேனேஜர் கிடையாது. அதனால் ஓட்டு. +1 என்றால் சம்மதம், -1 என்றால் வேண்டாம், 0 என்றால் எப்படிப் போனாலும் சரி. 1999ல் அது அப்பாச்சி ஃபவுண்டேஷனாக வளர்ந்த பிறகும் இதே வழக்கம்தான்.

கோடில் ஒரு மாற்றம் வருகிறது என்று வையுங்கள். ஓட்டுரிமை உள்ள ஒருவர் -1 போட்டால் போதும், மாற்றம் நின்றுவிடும். அதுதான் வீட்டோ. ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும். ‘எனக்குப் பிடிக்கலை’ என்பதெல்லாம் செல்லாது.

ரிலீஸுக்கு மட்டும் இந்த வீட்டோ கிடையாது. ப்ராஜெக்ட் நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் +1 போட வேண்டும். -1ஐ விட +1 அதிகமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஐந்து பேர் சரி, நான்கு பேர் வேண்டாம் என்றாலும் ரிலீஸ் போகலாம்.

முதல் தடவை படிக்கும்போது தலைகீழாகத் தெரியும். ஒரு வரி மாற்றத்தை ஒரே ஆள் நிறுத்தலாம், மொத்த ரிலீஸை நிறுத்தக் கூடாதா?

எனக்குப் புரிந்தவரை கணக்கு இதுதான். ஒரு மாற்றத்தை நிறுத்தினால் பழைய கோட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். உட்கார்ந்து பேசி வேறு வழி தேடலாம். ரிலீஸை நிறுத்தினால் மற்ற எல்லோருடைய உழைப்பும், பாதுகாப்புத் திருத்தங்கள் உட்பட, சேர்ந்து பூட்டப்படும். குறையே இல்லாத ரிலீஸ் என்று ஒன்று கிடையாது. ‘இன்னும் ஒரு வாரம்’ என்று சொல்ல யாருக்காவது எப்போதும் ஒரு காரணம் இருக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ரிலீஸ் படிவத்தில் ஏழு கையெழுத்து வேண்டும். ஒருவர் லீவு போட்டால் இரண்டு வரித் திருத்தம்கூட அப்படியே தூங்கும்.

அதற்காக அப்பாச்சியில் +1 மலிவு என்று நினைக்காதீர்கள். ஓட்டுப் போடுகிறவர் சோர்ஸை இறக்கி, தன் கணினியில் கம்பைல் செய்து, சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். வழக்கமாக 72 மணி நேரமாவது ஓட்டெடுப்பு திறந்திருக்கும். யாராவது பெரிய பிழையைக் காட்டி -1 போட்டால், ரிலீஸ் மேனேஜர் அதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். ஆனால் அது அவர் முடிவு.

சரி, மேலே இருப்பவர்களே வருஷக்கணக்கில் இழுத்தால்? ஜிசிசி கம்பைலரில் அதுதான் நடந்தது. பொறுமை இழந்த டெவலப்பர்கள் 1997ல் ஈஜிசிஎஸ் என்று தனிக்கிளை தொடங்கினார்கள். அது வேகமாக வளர்ந்தது. 1999 ஏப்ரலில் அதையே அதிகாரபூர்வ ஜிசிசியாக ஏற்றுக்கொண்டார்கள். கோடை எடுத்துக்கொண்டு கிளம்பும் உரிமை லைசென்ஸிலேயே இருக்கும்போது, எந்தத் தடையும் ஓரளவுக்குத்தான்.

உங்கள் டீமிலும் கேட்டுப் பாருங்கள்: ‘இந்த மாற்றம் சரியா?’, ‘இது இப்போது வெளியே போகலாமா?’ இரண்டு கேள்விக்கும் ஒரே ஆளிடம்தான் சாவி இருக்கிறதா?