தலைவர் ஒருவர், சங்கம் ஒன்று: வெங்கானூர் அய்யங்காளி

சென்ற ஆண்டு நமது சங்கப் பொதுக்குழுவில் ஓர் இளைஞர் எழுந்து, "சார், நீங்க செயலாளரா வந்து இருபத்திரண்டு வருஷமாச்சு. அடுத்தது யாருன்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லாமல் அடுத்த பொருளுக்குப் போய்விட்டேன். இக்கட்டுரை அன்று நான் சொல்லாமல் விட்ட பதில் என்று வாசகப் பெருமக்கள் கொள்ளலாம்.

கரமனையிலிருந்து சாஸ்தமங்கலம் போகும்போதெல்லாம் வெள்ளயம்பலம் சந்திப்பில் தலைப்பாகையும் கோட்டும் அணிந்த ஒரு சிலையைக் கடந்து போகிறோம். 1980ஆம் ஆண்டு இந்திரா காந்தி அம்மையார் திறந்து வைத்த அய்யங்காளி சிலை அது. நம்மில் பலருக்கு அது பஸ் நிறுத்தத்தின் அடையாளம், அவ்வளவுதான். ஓர் உரிமைச் சங்கத்தை முப்பது ஆண்டுகள் நடத்துவது எப்படி என்பதற்கு இத்தலைநகரிலேயே கிடைக்கும் முதற்பாடம் அவர்.

வில்லுவண்டி முதல் சங்கம் வரை

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்கானூரில் 1863 ஆகஸ்டு 28 அன்று புலையர் குடும்பத்தில் பிறந்தவர் அய்யங்காளி. அந்நாளில் அச்சமூகத்தார் பொதுச் சாலையில் நடக்கக் கூடாது, பள்ளிக்குள் நுழையக் கூடாது. பெண்கள் கல்மாலைதான் அணியலாம். அய்யங்காளியின் தந்தைக்குக் கொஞ்சம் சொந்த நிலம் இருந்தது. அந்தக் காலத்தில் இது அபூர்வம். வயிற்றுக்காக ஒரு ஜன்மியிடம் கைகட்டி நிற்க வேண்டாத குடும்பம் என்பதால்தான் மகனால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. தலைமைக்கு முதல் தேவை இந்தச் சுதந்திரம்.

1893இல் வில்லுவண்டி ஒன்றை விலைக்கு வாங்கி, நல்ல உடை உடுத்தி, தலைப்பாகை கட்டிக்கொண்டு பொதுச் சாலையில் ஓட்டிச் சென்றார். மறித்தவர்களை எதிர்த்தும் நின்றார். பாலராமபுரம் சாலியர் தெருவில் பெரிய கைகலப்பே நடந்தது. நெசவுக்காகத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்து குடியேறியோரின் தெரு அது என்பதால் நமக்கும் அந்த ஊர் அந்நியமல்ல.

வீரம் ஒரு நாள் வேலை, சங்கம் நித்திய வேலை. 1907இல் அவர் நிறுவிய சங்கத்துக்கு 'சாதுஜன பரிபாலன சங்கம்' என்று பெயர். அந்தப் பெயரைக் கவனியுங்கள். அதில் சாதிப் பெயர் இல்லை. ஒடுக்கப்பட்ட எளியோர் எல்லோருக்கும் இடமிருந்தது.

நீடித்ததன் ரகசியம்

அய்யங்காளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார். அப்படிப்பட்டவர் எப்படி இத்தனை காலம் தலைவராக இருந்தார்?

முதலாவது, கோரிக்கை அன்றாட வாழ்க்கையிலிருந்து வந்தது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, பிள்ளைக்குப் பள்ளி, குடியிருக்க நிலம். இரண்டாவது, உள்சண்டைகளைத் தீர்க்க வெங்கானூரில் சங்கமே ஒரு சமுதாயக் கோர்ட்டு நடத்தியது. ஜனங்களின் வழக்கைத் தீர்த்துவைக்கும் சங்கத்தை ஜனங்கள் கைவிட மாட்டார்கள்.

மூன்றாவதுதான் பெரியது. போராடச் சொன்னவர் சோற்றுக்கும் வழி செய்தார். பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க அரசு உத்தரவிட்டும் ஊர்க்காரர்கள் விடவில்லை. ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அவர் கைபிடித்து அழைத்துச் சென்றபோது பள்ளிக்கே தீ வைத்தார்கள். அதற்குப் பதில், வயலில் இறங்குவதில்லை என்ற வேலைநிறுத்தம். மாதக் கணக்கில் நீண்ட அந்தப் பட்டினிக் காலத்தில் விழிஞ்ஞம் மீனவர்களிடம் பேசி, படகுக்கு ஒருவராகத் தம் ஆட்களை ஏற்றிவிட்டார் என்பார்கள். கடைசியில் கண்டளை நாகம்பிள்ளை என்ற மாஜிஸ்திரேட்டின் சமரசத்தில் அது முடிந்தது. தொழிற்சங்கம் என்ற சொல்லே பரவாத காலத்தில் நடந்த காரியம் இது.

நான்காவது, பிறரின் உதவியை அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. 1911 இறுதியில் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டார். அப்போது திவானாக இருந்தவர் பி. ராஜகோபாலாச்சாரி, ஒரு தமிழர். 1912இல் அய்யங்காளி எழுந்து பேசிய வி.ஜே.டி. ஹாலுக்கு 2019இல் அவர் பெயரையே வைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அச்சபையில் ஆண்டுதோறும் நிலமும் பள்ளியும் கேட்டுக்கொண்டே இருந்தார். 1915இல் கொல்லத்தில் பெண்கள் கல்மாலையை அறுத்தெறிந்த கூட்டத்துக்குச் சங்ஙனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளையைத் தலைமை தாங்கச் செய்தார்.

பிறகு என்ன ஆயிற்று?

இனி சங்கடமான பகுதி. 1930களில் அந்தச் சங்கம் தளர்ந்தது. எல்லோருக்குமாக இருந்த இடத்தில் சாதிக்கு ஒரு சபையாகப் பிரிந்தார்கள். புலையர் சபைக்கு அவரது மருமகன் டி.டி. கேசவன் சாஸ்திரியே முன்னணித் தலைவரானார். ஒருவரின் தோளில் நின்ற கூரை, அவர் மூப்படைந்ததும் சரிந்தது. தமிழ்நாட்டிலும் இதைப் பார்க்கலாம். 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் தங்க நேர்ந்தபோது இங்கே அந்த வேகம் தொடரவில்லை.

ஆனால் அய்யங்காளியின் கணக்கு சங்கத்தோடு முடியவில்லை. 1936இல் ஆலயப் பிரவேச விளம்பரம் வந்த சில வாரங்களில், 1937 ஜனவரியில், காந்தியடிகள் வெங்கானூர் வந்தார். தாம் சாவதற்குள் தம் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்க வேண்டும் என்று அய்யங்காளி அவரிடம் சொன்னதாகச் சொல்வார்கள். பதவி கேட்கவில்லை, சிலை கேட்கவில்லை. தம்மால் முடியாததைச் செய்யக்கூடிய பத்துப் பேரைக் கேட்டார். 1941 ஜூன் 18 அன்று மறைந்தார்.

நீண்ட காலம் தலைமையில் இருப்பது குற்றமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தக் காலத்துக்குள் எத்தனை பேரை நம்மைவிடப் பெரியவராக்கினோம் என்பதே கேள்வி. என் இருபத்திரண்டு ஆண்டுகளை அந்தத் தராசில் வைத்துப் பார்த்தேன். விழா நடத்தினேன், மலர் போட்டேன், கட்டடத்துக்கு ரசீது புத்தகம் சுமந்தேன். ஆனால் ஒரு பையனைக்கூட உட்கார வைத்துக் கணக்குப் புத்தகத்தைக் காட்டியதில்லை.

கேள்வி கேட்ட அந்தத் தம்பி வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறார். பீரோ சாவியும் மினிட்ஸ் புத்தகமும் மேஜைமேல் எடுத்து வைத்திருக்கிறேன்.