எச்.ஐ.வி. சிகிச்சையும் வெள்ளணுக்களின் மீட்சியும்

எச்.ஐ.வி. கிருமியை மருந்தினால் அடக்கிவிட்டால், அது அழித்த எதிர்ப்பணுக்கள் யாவும் மீண்டுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். கிருமி அடங்குவது ஒன்று. அணுக்கள் மீள்வது மற்றொன்று. இவ்வேறுபாட்டை அறியாமையால், தவறாது மருந்துண்ணும் நோயாளரும் மருந்தைக் கைவிட்டவர் என்ற வீண்பழிக்கு ஆளாகின்றனர்.

இக்கிருமி சிறப்பாகத் தாக்குவது சிடி4 எனப்படும் வெள்ளணுக்களையே. நலமுள்ள ஒருவரது இரத்தத்தில், கன மில்லிமீட்டர் ஒன்றுக்கு இவை ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே இறங்குமாயின், உடல் சாதாரணமாக விலக்கிவிடும் நோய்களும் உயிருக்கு உலைவைக்கும். 1996 முதல் வழக்கத்துக்கு வந்த கூட்டு மருந்துகள் கிருமி பெருகுவதைத் தடுப்பனவேயன்றி, அணுக்களை உண்டாக்குவன அல்ல. அப்பணி உடலினுடையது.

சிகிச்சையின் முதற்சில வாரங்களில் எண்ணிக்கை விரைந்து உயரும். இது பெரும்பாலும் புதிய அணுக்களின் பிறப்பன்று. நிணநீர்க் கணுக்களில் அடைபட்டிருந்த பழைய அணுக்கள் இரத்தத்துக்குத் திரும்புவதேயாம். பின்னர் வருவது ஆண்டுக்கணக்கில் நீளும் மெதுவான வளர்ச்சி. புதிய அணுக்கள் மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர வேண்டும். அச்சுரப்பியோ வயது ஏற ஏறச் சுருங்குவது. ஆகவே இளைஞருக்குக் கிட்டும் மீட்சி முதியோருக்குக் கிட்டுவதில்லை. மேலும், நெடுநாள் அழற்சியினால் நிணநீர்க் கணுக்களில் தழும்பு படிந்து, அணுக்கள் தங்கி வாழும் இடமே கெடுகிறது. குடற்சுவரிலுள்ள அணுக்களோ தொற்றின் தொடக்க வாரங்களிலேயே பெருவாரியாக மடிந்துவிடுகின்றன. அவை முற்றிலும் மீள்வது அரிது. அரண் தளர்ந்த குடலிலிருந்து நுண்ணுயிர்ப் பொருள்கள் இரத்தத்தில் கசிந்து, அழற்சியை ஓயாது தூண்டுகின்றன.

எனவே, எந்த நிலையில் சிகிச்சை தொடங்கியது என்பதே பெரிதும் முக்கியமாகிறது. நம் நாட்டில் 2004 ஏப்ரல் 1 அன்று, தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியபோது, வேறு அறிகுறி இல்லாதோர்க்கு எண்ணிக்கை 200-க்குக் கீழ் இறங்கிய பின்னரே மருந்து அளிக்கப்பட்டது. நோய் கண்ட உடனே யாவருக்கும் மருந்து என்னும் முறை இங்கு 2017-இல்தான் வந்தது. முற்காலத்தில் தொடங்கியோர் பலர் ஆழ்ந்த பள்ளத்திலிருந்து ஏறியவர்கள்; இன்று அவர்களது எண்ணிக்கை 300-இல் நின்றுவிட்டால், குறை அவர்களுடையதன்று. ஒழுங்காக மருந்துண்கிறாரா என்பதை அறியக் கிருமியின் அளவையே சோதிக்க வேண்டும்.

எண்ணிக்கையை வேறு மருந்தால் உயர்த்தலாகாதா? இன்டர்லூக்கின்-2 என்னும் பொருளைக் கொண்டு அதையும் முயன்று பார்த்தனர். 2009-இல் வெளியான இரு பெரும் ஆய்வுகளின்படி, அணுக்கள் பெருகின. ஆயினும் நோயும் மரணமும் குறையவில்லை. எண் வேறு, ஆற்றல் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எண்ணிக்கை நன்கு உயர்ந்தோர்க்கும் ஓர் இடர் உண்டு. உயர்ந்தபின் மருந்தை நிறுத்தி, தாழ்ந்தபின் தொடரலாமா என்று ஆராய்ந்த ஸ்மார்ட் ஆய்வு 2006-இல் முடிவு கூறியது: நிறுத்தியவர்களிடையே நோயும் மரணமும் மிகுந்தன; இருதய, சிறுநீரக, ஈரல் நோய்களும் கூடின. மருந்துண்போரிடத்தும் அழற்சி முற்றிலும் தணிவதில்லை. அதனால் இருதய நோய் சற்று அதிகமாகவே காணப்படுகிறது. பிடவாஸ்டாட்டின் என்னும் கொழுப்புக் குறைப்பு மாத்திரை இத்தகையோர்க்கு இருதய நோயைக் குறைக்கிறது என்பது 2023-இல் தெளிவாயிற்று. எண்ணிக்கை தாழ்ந்தே நிற்போர்க்குக் காசநோய்த் தடுப்பு மருந்தும், கோட்ரைமாக்சசோல் மாத்திரையும், உரிய தடுப்பூசிகளும் அளிக்கப்படுகின்றன.