சவத்துக்கும் மானம் உண்டு

உயிர் பிரிந்தபின் உடல் வெறுங்கட்டை என்று ஞானிகள் எத்தனை முறை சொல்லியிருந்தாலும், அந்தக் கட்டையைக் குளிப்பாட்டி, கோடித்துணி போர்த்தி, வாய்க்கரிசியிட்டு, நால்வர் தோள்கொடுத்துச் சுமந்து செல்லாமல் நாம் மயானத்துக்கு அனுப்புவதில்லை. இந்த மரியாதையைக் குலைத்துப் பிரேதத்தை அவமதிப்பவன் தண்டனைக்கு உரியவன் என்பதைப் பல தேசங்களின் சட்டங்களும் ஒப்புக்கொள்கின்றன; அவன் யாருக்குத் தீங்கு செய்தான் என்ற கேள்வியிலேதான் அவை வேறுபடுகின்றன.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், பிறர் மனத்தைப் புண்படுத்தவோ மதத்தை இழிவுபடுத்தவோ எண்ணி, அல்லது அவ்வாறு நேரக்கூடும் என்று அறிந்தே, இடுகாடு சுடுகாடுகளில் அத்துமீறி நுழைவோருக்கும் சவத்தை அவமதிப்போருக்கும் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 297ஆம் பிரிவில் வகுத்தது. 2024 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 301ஆம் பிரிவில் அதையே தொடர்கிறது. ஆக, இங்கே சட்டம் காப்பது இருப்பவர்களின் உணர்ச்சியையே.

கனடாவின் சட்டமோ, யார் மனம் நொந்தது என்று வினவாமல், சவத்தையோ அதன் எச்சங்களையோ, புதைத்திருந்தாலும் புதைக்காதிருந்தாலும், இழிவுபடுத்துவதற்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. ஜப்பானியச் சட்டம் இறந்தவரின் அஸ்தியையும் தலைமுடியையும்கூடக் காத்து, அவற்றைச் சிதைப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. சவத்தோடு உறவு கொள்வதை இங்கிலாந்து 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனிக்குற்றமாக்கியது.

நம் நாட்டில் அத்தகைய பிரிவு இல்லாத குறை 2023ஆம் ஆண்டில் வேதனையோடு வெளிப்பட்டது. ஒரு பெண்ணைக் கொன்று அவளது சடலத்தைச் சீரழித்தவனுக்குக் கொலைக்கான தண்டனையை உறுதிசெய்த கர்நாடக உயர் நீதிமன்றம், சடலம் சட்டத்தின் பார்வையில் ‘நபர்’ ஆகாது என்பதால் பலாத்காரக் குற்றத்திலிருந்து அவனை விடுவிக்க நேர்ந்தது. இதற்கெனச் சட்டம் செய்யுமாறு மத்திய அரசுக்குப் பரிந்துரையும் செய்தது. புதிய சன்ஹிதாவிலும் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை.

தூக்கிலிடப்பட்டவனின் உடல் அரைமணி நேரம் தொங்கவேண்டும் என்ற சிறைவிதி பற்றிய வழக்கில், அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் கௌரவம் இறந்த உடலுக்கும் உண்டு என்று 1995ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சாசனம் ஒப்புக்கொண்ட அந்தக் கௌரவத்தைத் தண்டனைச் சட்டமும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏனெனில், அழுவதற்கு ஒருவருமின்றிப் பிணவறையில் கிடக்கும் அநாதைப் பிரேதம் அவமதிக்கப்படும்போது, புண்படுவதற்கு எந்த உறவின் மனம் இருக்கிறது? அந்தப் பிரேதத்துக்குச் செய்யும் சம்ஸ்காரமே பெரும் புண்ணியம் என்று நம் முன்னோர் கருதியது, கேட்பாரற்றவருக்கும் மானம் உண்டு என்று அவர்கள் உணர்ந்திருந்ததனால்தான்.