உடலுக்குள் ஒரு நீர்வழி

சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சூழ்ந்த வீதிகளில், விடியுமுன் கடை விரித்து அந்தி சாயும்வரை அமர்ந்திருக்கும் தாய்மார்களை நாம் அறிவோம். தண்ணீர் குடித்தால் இடையில் எழுந்து போக நேருமே என்று, நாவறண்டும் நீர் பருகாதிருப்போர் அவர்களுள் உண்டு. இவ்வழக்கம் உடலின் எவ்வுறுப்புகளை வருத்துகிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதுகெலும்பின் இருமருங்கிலும் உள்ள சிறுநீரகங்கள், நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்தினின்று வடிக்கின்றன. பெரும்பகுதியை மீண்டும் இரத்தத்திலேயே சேர்க்கின்றன. எஞ்சுகின்ற ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீர். அதனைச் சிறுநீர்ப்பைக்குக் கொண்டுவருபவை இரண்டு மேற்குழாய்கள். ஒவ்வொன்றும் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம்; அகலமோ 3, 4 மில்லிமீட்டர்தான்.

இவற்றைக் கூரையினின்று மழைநீர் இறங்கும் குழாய்க்கு ஒப்பிடலாகாது. இவற்றின் சுவரில் தசை உண்டு. அது நிமிடத்திற்குச் சில முறை சுருங்கிச் சிறுநீரைக் கீழே தள்ளுகிறது. ஆகவேதான் நாம் படுத்துறங்கும்போதும் நீர் தடையின்றிச் செல்கிறது. இதற்கு மூளையின் ஆணை வேண்டுவதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971ஆம் ஆண்டு சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றியுடன் நடைபெற்றது. இத்தகைய சிகிச்சையில், ஒருவருடைய சிறுநீரகத்தோடு எடுக்கப்பெற்ற குழாய், நரம்புத் தொடர்பு அறுந்தபின்னும், மற்றொருவருடைய சிறுநீர்ப்பையில் தைக்கப்பெற்றுத் தன் பணியைத் தொடர்கின்றது.

மேற்குழாய் சிறுநீர்ப்பையின் சுவரில் சாய்வாக நுழைகிறது. பை நிரம்பும்போது அவ்வழி அழுந்தி மூடிக்கொள்வதால், நீர் மீண்டும் மேலேறுவதில்லை. சிறுநீரகத்திற்கு இது ஒரு காவற்கதவு.

குழாய் தொடங்கும் இடம், இடுப்புக்குழியின் விளிம்பைக் கடக்கும் இடம், பையினுள் நுழையும் இடம் ஆகிய மூன்றும் குறுகலானவை. நீர் குறைந்து சிறுநீர் கெட்டிப்பட்டால் உப்புகள் திரண்டு கல்லாகும். அக்கல் இவ்விடங்களில் சிக்கும். விலாவில் தொடங்கித் தொடையிடுக்குவரை பாயும் கல்லடைப்பு நோவு இதனால் வருவதே. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமே வெளியேறிவிடும்.

பையிலிருந்து வெளியேறும் கீழ்க்குழாய் ஆண்களுக்கு 18 முதல் 20 சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்குச் சுமார் 4 சென்டிமீட்டரே. எனவே பெண்களுக்குக் கிருமிகள் எளிதில் உள்ளேறி நீர்க்கடுப்பை உண்டாக்கும். அடிக்கடி கழியும் சிறுநீரே அக்கிருமிகளைக் கழுவி அகற்றுவது. நீர் பருகாதும், வந்ததை அடக்கியும் இருந்தால் இக்காவல் குன்றிவிடும்.

ஆதலின், சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்குமளவு நீர் பருகுதல் நன்று. இதய நோயும் சிறுநீரக நோயும் உடையோர் மருத்துவர் சொன்ன அளவைக் கடைப்பிடிக்க. நீர்க்கடுப்புடன் குளிர்காய்ச்சலும் விலா நோவும் கண்டாலோ, சிறுநீர் அறவே நின்றாலோ, கைமருந்தில் காலம் போக்காது உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். பௌரிங் ஆஸ்பத்திரி சிவாஜிநகரிலேயே இருக்கிறது.

அடுத்த கடைக்காரர் எழுந்து சென்றுவர, அவர் கடையைப் பத்து நிமிடம் பார்த்துக்கொள்வது நமக்குப் பெரிய காரியமன்று. ஒரு தாயின் சிறுநீரகத்தை அது காத்துவிடக்கூடும்.