வலது கையில் விழுப்புரம்! இடது கையில் திண்டிவனம்!!

அத்தர் தடவி பஸ் ஏறினார் நமது நிருபர், எது நின்றது? எது அரித்தது?

விழுப்புரம்,-

"பாய், சுத்த சந்தன அத்தர் இருக்கா?"

"இல்லே தம்பி. அந்த விலைக்கு நீங்களும் வாங்கமாட்டீங்க, நானும் வாங்க முடியாது."

வியாபாரி வாயில் இப்படி ஒரு பதிலா! அசந்துபோய் நின்றேன்.

விழுப்புரம் பழைய பஸ் நிலையத்தை ஒட்டிய சந்து. ஒரு பெஞ்சு, ஒரு கண்ணாடிப் பெட்டி. அவ்வளவுதான் கடை. பெரிய கம்பெனி அத்தரை வாங்கி விற்பவர் அல்ல இந்தப் பெரியவர். உத்தரபிரதேசத்தில் உள்ள கன்னோஜ் நகரில் இருந்து எண்ணெய்களை வரவழைத்து, வீட்டில் தானே சொட்டு எண்ணிக் கலக்குகிறார். ஒரு சரக்குக்கு அவர் வைத்திருக்கும் பெயர் "முதல் மழை".

3 மில்லி பாட்டில் ரூ.120. வாங்கினேன். வலது மணிக்கட்டில் ஒரு சொட்டு.

அடடா! வெயிலில் காய்ந்த களத்துமேட்டில் சடசடவென்று நாலு தூறல் விழுந்தால் எழும்புமே, அதே வாசனை!

சுட்ட மண்ணில் இருந்து...

மண்ணை எப்படி பாட்டிலில் அடைத்தார்கள்?

கன்னோஜில் களிமண்ணைச் சுட்டு, அந்தத் துண்டுகளைச் செம்புக் கொப்பரையில் தண்ணீரோடு போடுகிறார்கள். மூடியைச் சுற்றி மண் பூசி அடைத்து, கீழே அடுப்பு மூட்டுகிறார்கள். கிளம்பும் ஆவி மூங்கில் குழாய் வழியாக இன்னொரு செம்புப் பாத்திரத்துக்குப் போகிறது. தண்ணீர்த் தொட்டியில் குளிர்ந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பாத்திரத்துக்குள் சந்தன எண்ணெய். அது வாசனையை இழுத்து வைத்துக்கொள்கிறது. ரோஜா, தாழம்பூ அத்தரும் இப்படித்தான்.

மழை மண் வாசனைக்கு "பெட்ரிகோர்" என்று 2 ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பெயர் சூட்டியது 1964-ம் ஆண்டு. அதற்கு முன்பே நம் ஆட்கள் அதைக் காய்ச்சி விற்றுக்கொண்டிருந்தார்கள்!

"அதுலே அசல் மண் அத்தர் கொஞ்சம், வெட்டிவேர் எண்ணெய் கொஞ்சம். மீதி லிக்விட் பாரபின். மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லே" என்றார் பாய்.

பஸ்சில்

திண்டிவனம் பஸ்சில் ஜன்னல் ஓரம். பக்கத்தில் டிபன் பாக்சோடு ஒரு குமாஸ்தா. விக்கிரவாண்டி வருவதற்குள் அவர் மூக்கு இரண்டு தடவை திரும்பியது. "எங்கேயாவது மழையா சார்?" என்று கேட்டார். மணிக்கட்டை நீட்டினேன். சிரித்துவிட்டார்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் மண் வாசனை அடங்கி, வெட்டிவேர் மேலே வந்தது. லேசான வாசனைச் சத்து முதலில் பறந்துவிடும், கனமானது தங்கும். அதனால்தான் கடையில் தடவியதும் முகர்ந்து முடிவு செய்யக்கூடாது. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து காசு கொடுங்கள்.

"பியூர் சந்தனம் சார்!"

திண்டிவனத்தில் வேறொரு வியாபாரி. கேட்பதற்கு முன்பே இடது கையைப் பிடித்துத் தடவிவிட்டார். "நூத்துக்கு நூறு பியூர் சந்தனம் சார்!" 3 மில்லி ரூ.100.

இங்கேதான் ஒரு கணக்கு. நல்ல சந்தன எண்ணெய் கிலோ ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். அப்படியானால் 1 கிராம் ரூ.100-க்கு மேல். 3 மில்லி கிட்டத்தட்ட 3 கிராம். சரக்கே ரூ.300 தாண்டும்போது, பாட்டிலோடு ரூ.100-க்கு எப்படிக் கொடுக்கிறார்? நஷ்டத்துக்கு விற்க அவர் என்ன தர்மப் பிரபுவா?

தெரிந்தே வாங்கினேன். எழுத வேண்டுமே!

சாயங்காலம் இடது கையில் வாசனை காணோம். ராத்திரி 9 மணிக்கு மணிக்கட்டில் காசளவு சிவந்து, அரிப்பு. சோப்பு போட்டுக் கழுவியும் விடியும்வரை சொறிந்தேன். என்ன கலந்திருந்ததோ! அசல் சந்தனமே சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் அரிப்பை மட்டும் வைத்து போலி என்று சொல்லமாட்டேன். கணக்குதான் காட்டிக்கொடுக்கிறது.

புது அத்தர் எதுவானாலும் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். பிறகு கழுத்துக்குப் போகலாம். குழந்தைகளுக்குத் தடவ வேண்டாம்.

மறுநாள் காலை வலது சட்டைக் கையில் வெட்டிவேர் மெல்ல இருந்தது.

திரும்பப் போய் பாயிடம் சிவந்த கையைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"என்கிட்டே வர்றவங்களும் 'சுத்த சந்தனமா'ன்னுதான் கேக்கறாங்க. ஆமான்னு சொன்னா வாங்குவாங்க. இல்லேன்னு சொன்னா போயிடறாங்க. நேத்து மட்டும் ஆறு பேரு திரும்பிப் போனாங்க. வீட்டுலே சண்டை. 'ஒரு வார்த்தை சொன்னா என்ன'ங்கறாங்க..."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து நின்றார்.

"பாய், சுத்த சந்தனம் இருக்கா?"

பாய் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"இல்லீங்க. மண் வாசனை இருக்கு, பாக்கறீங்களா?"

வந்தவர் கையை நீட்டினார்.